பைக்குக்குப் பின்னால் ட்ரெய்லர்: இழுப்பது சுலபம்... நிறுத்துவதில்தான் இருக்கிறது கணக்கு!

இந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். அமெரிக்க நெடுஞ்சாலை. சோபா மாதிரி சீட் வைத்த பெரிய பைக். அதில் அறுபது வயதைத் தாண்டிய கணவன், மனைவி. பைக்கின் அதே நிறத்தில் பெயிண்ட் அடித்த குட்டிப் பெட்டி ஒன்று, இரண்டு சின்னச் சக்கரங்களில் பின்னாலேயே உருண்டு வருகிறது. சாயங்காலம் ஓர் ஏரிக்கரையில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தால் கூடாரம், அடுப்பு, மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. பார்க்கிற யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

‘நம்ம பைக்கிலும் இப்படி ஒன்றை மாட்டினால் என்ன?’ என்று தோன்றுவதும் இயல்பு. வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார்கள். ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு, கொஞ்சம் இரும்புக் குழாய், ஒரு தகரப் பெட்டி, ஒரு கொக்கி. அவ்வளவுதான். மாட்டிவிட்டுத் தெருவில் ஒரு சுற்று சுற்றினால் பைக் சிரமமே இல்லாமல் இழுக்கும். ‘சூப்பரா போகுதே!’ என்று தோன்றும்.

இழுக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். உருளும் சக்கரத்தில் உள்ள சுமையை இழுக்கப் பெரிய இன்ஜின் தேவையில்லை. கேள்வி வேறு. அவசரத்தில் எத்தனை மீட்டரில் நிற்கும்? வளைவில் பெட்டி எந்தப் பக்கம் போகும்? ஏதாவது ஆகிவிட்டால் சட்டம் யாரைக் கேட்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் சாலையில் இறங்குவது ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ட்ரெய்லர் ஏன் தேவைப்படுகிறது?

நீண்ட தூரம் போகிறவர்களின் நிரந்தரத் தலைவலி லக்கேஜ். பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் பைக்கில் மிச்சம் இருப்பது இரண்டு பக்கப் பெட்டிகளும், பின்னால் ஒரு டாப் பாக்ஸும்தான். அதற்கு மேல் ஏற்றினால் எடை உயரத்தில் ஏறுகிறது. நிற்கும்போது வண்டி சாயப் பார்க்கும். வளைவில் தடுமாறும்.

ட்ரெய்லர் இதற்கு ஒரு நல்ல பதில்தான், அதை மறுக்க முடியாது. எடை தரைக்கு அருகில் இருக்கிறது. அதன் பெரும்பகுதியை ட்ரெய்லரின் சக்கரங்களே தாங்குகின்றன. போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பைக்கில் ஊரைச் சுற்றலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே ட்ரெய்லர் செய்து விற்கும் தொழில் இருக்கிறது. அங்கே அதிகமாக ட்ரெய்லர் மாட்டப்படும் பைக்குகளில் ஒன்று ஹோண்டா கோல்டு விங். 1970-களின் நடுவில் 1000 சிசி பைக்காக வந்து, இன்று 1833 சிசி, ஆறு சிலிண்டர் என்று வளர்ந்து நிற்கும் வண்டி அது.

தயாரித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. கோல்டு விங்கின் உரிமையாளர் கையேட்டைத் திறந்தால், ட்ரெய்லர் இழுக்காதீர்கள், சைடுகார் மாட்டாதீர்கள், வண்டி அதற்காக வடிவமைக்கப்படவில்லை என்ற பொருளில் எச்சரிக்கை அச்சாகி இருக்கும். ஹார்லி-டேவிட்சன் கையேட்டிலும் ட்ரெய்லர் வேண்டாம் என்றே இருக்கிறது. டயரில் சுமை கூடும், பிரேக் வலு குறையும், நிலைத்தன்மை கெடும் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, நாம் வீடியோவில் பார்த்து மயங்கும் அந்தக் காட்சிகூட, பைக்கைத் தயாரித்தவர் ‘வேண்டாம்’ என்று சொன்னதை மீறி, ஓட்டுபவர் தன் பொறுப்பில் செய்வதுதான். 1800 சிசி வண்டிக்கே இந்த நிலைமை என்றால், 350, 400 சிசி பைக்கில் பட்டறைக் கொக்கியை மாட்டிக் கிளம்புவதைப் பற்றி என்ன சொல்வது?

‘அங்கே ஆயிரக்கணக்கானோர் இழுக்கிறார்களே, ஒன்றும் ஆகவில்லையே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் இழுப்பது பெரும்பாலும் தரமாகத் தயாரித்த ட்ரெய்லரை, அகலமான, வழவழப்பான சாலையில், பல வருட அனுபவத்தோடு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

நிறுத்தும் கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்கின் எடை சுமார் 196 கிலோ. ஓட்டுபவர் 75 கிலோ. மொத்தம் 271 கிலோ. 80 கி.மீ. வேகத்தில் போகும்போது காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 35 மீட்டரில் நிறுத்திவிடலாம்.

இப்போது அதே பைக்குக்குப் பின்னால் 80 கிலோ ட்ரெய்லர். அதற்குத் தனி பிரேக் கிடையாது. சின்ன ட்ரெய்லர்களில் பெரும்பாலும் இருக்காது. பைக்கின் இரண்டு டயர்கள் சாலையைப் பிடிக்கும் பிடி கிட்டத்தட்ட அதேதான். நிறுத்த வேண்டிய எடை மட்டும் 351 கிலோ. அதே பிரேக், அதே வேகம் என்றால் நிற்க சுமார் 45 மீட்டர் ஆகும்.

‘பத்து மீட்டர்தானே’ என்று நினைக்காதீர்கள். இன்னொரு விதமாகப் பார்த்தால்தான் இதன் பொருள் புரியும். வெறும் பைக் முழுசாக நின்றுவிட்ட அந்த 35-வது மீட்டரில், ட்ரெய்லர் கட்டிய பைக் இன்னும் மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் குறுக்கே வந்த மாடு, யு டர்ன் எடுக்கும் லாரி, பள்ளிக்கூடப் பிள்ளை... 38 கி.மீ. வேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது நேர்கோட்டுக் கணக்கு. வளைவில் பிரேக் பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். பைக் வேகம் குறைகிறது. பின்னால் இருக்கும் பெட்டியோ வந்த வேகத்திலேயே நேராகப் போகப் பார்க்கிறது. அது கொக்கி வழியாக பைக்கின் பின்பக்கத்தை வளைவுக்கு வெளியே தள்ளும். கார் என்றால் நான்கு சக்கரம் தாங்கும். சாய்ந்திருக்கும் பைக்கில் பின்சக்கரம் பக்கவாட்டில் தள்ளப்பட்டால், சமாளிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால்தான் ட்ரெய்லர் ஓட்டிப் பழகியவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிந்துவிட வேண்டும்.

பெட்டி ஏன் ஆடுகிறது?

டிராக்டர் ட்ரெய்லரோ, கார் இழுக்கும் பெட்டியோ வாலை ஆட்டுவதுபோல் இடமும் வலமும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் இந்த ஆட்டம் ஆரம்பிக்கும். தானாக அடங்காமல் ஒவ்வொரு ஆட்டத்திலும் பெரிதாகிக்கொண்டே போனால், கடைசியில் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

இதற்கு முக்கியமான காரணம், பெட்டிக்குள் எடையை வைத்திருக்கும் விதம். அச்சுக்குப் பின்னால் கனமான சாமான் இருந்தால் பெட்டியின் வால் கனத்து, முன்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். கொக்கி பைக்கின் பின்பக்கத்தைத் தூக்கும். ஆட்டத்துக்கு இதைவிட வசதியான நிலை வேறு இல்லை. அதனால் கனமான பொருட்கள் சக்கர அச்சுக்கு நேர் மேலேயோ, கொஞ்சம் முன்னாலேயோ இருக்க வேண்டும். துணிமணி போன்ற லேசான சாமான்கள் பின்னால் போகலாம்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். 80 கிலோ ட்ரெய்லர் என்றால் 8 கிலோ. அளப்பது சுலபம். வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷினை, ஓடும்போது இருக்கும் உயரத்திலேயே கொக்கி முனைக்குக் கீழே முட்டுக்கொடுத்து வைத்தால் எண் காட்டிவிடும்.

‘கூடுதலாகவே வைத்துவிடுகிறேன், பாதுகாப்புதானே’ என்றால் அதுவும் தப்பு. கொக்கி இருப்பது பின்சக்கர அச்சுக்கும் பின்னால். அங்கே இறங்கும் எடை, சீசா பலகை மாதிரி முன்சக்கரத்தைத் தூக்கும். 25 கிலோ இறங்கினால் முன்சக்கரம் சுமார் 12 கிலோ லேசாகும். ஏற்கெனவே பின்சீட்டில் ஆள், டாப் பாக்ஸ் என்று எல்லாம் பின்னாலேயே இருக்கும்போது முன்சக்கரம் இன்னும் லேசானால் ஹேண்டில் பிடிமானம் குறையும்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. பெட்டி காலியாக இருந்தால் லேசானது. ஆனால் காற்று மோதும் பக்கவாட்டுப் பரப்பு அதேதான். பெரிய பஸ் கடந்து போகும்போது ஒரு தள்ளு, கடந்து முடித்ததும் ஓர் இழுப்பு. ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றுக் காலத்தில் வெறும் பைக்கே எப்படித் தள்ளாடும் என்பது அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே பின்னால் ஒரு பெட்டியும் இருந்தால்?

ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? பதறிப்போய் முன்பிரேக்கை அழுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி ‘சரி செய்யவும்’ முயலக் கூடாது. ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விட வேண்டும். அப்புறம் ஓரமாக நிறுத்திப் பெட்டிக்குள் எடையை மாற்றி வைத்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

பைக் சாயும், பெட்டி சாயாது

கார் ட்ரெய்லர் கொக்கியை அப்படியே பைக்கில் மாட்ட முடியாததற்கு ஒரே காரணம் இதுதான். வளைவில் கார் கிட்டத்தட்ட நேராகவே நிற்கும். பைக் நன்றாகச் சாயும். இரண்டு சக்கர ட்ரெய்லரோ தரையோடு நேராகவே வரும். இந்த வித்தியாசத்தைக் கொக்கி தாங்க வேண்டும். அதனால் பைக் ட்ரெய்லரின் கொக்கியில் முழுவதும் சுழலக்கூடிய இணைப்பு இருக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பள்ளத்தில் விழுந்து பெட்டி கவிழ்ந்தாலும், அது மட்டும் சுழன்று கவிழும். பைக்கை முறுக்கிக் கீழே தள்ளாது.

பட்டறையில் செய்யும் கொக்கிகளில் கவனிக்க வேண்டிய இடம் இது. இறுக்கமாக, ‘ஆடாமல்’ இருக்கட்டும் என்று போல்ட் போட்டு முடுக்கிவிட்டால், பைக் சாயும்போது பெட்டி அதைச் சாய விடாது. வளைவில் திரும்ப முடியாமல் நேராக எதிர்ப்பக்கம் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

ஒற்றைச் சக்கர ட்ரெய்லர் என்று ஒரு வகையும் உண்டு. அது பைக்கோடு சேர்ந்தே சாயும். பைக் போன தடத்திலேயே வரும். குறுகலான பாதைக்கு நல்லது. ஆனால் எடை குறைவாகத்தான் ஏற்ற முடியும். சுமையை இடது, வலது சமமாகப் பிரித்து வைக்காவிட்டால் பைக்கையே ஒரு பக்கமாக இழுக்கும்.

கொக்கியைத் தவிர, அது கழன்றுவிட்டால் பிடித்துக்கொள்ள இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காகப் போட்டிருக்க வேண்டும். பிரேக் லைட், இண்டிகேட்டர், பின்விளக்கு மூன்றும் பெட்டியிலும் எரிய வேண்டும். பைக்கின் பின்விளக்கைப் பெட்டி மறைத்துவிடும் என்பதால் இதில் சமரசமே கிடையாது.

நம்ம ரோட்டில் மூன்று தடம்

இந்தியச் சாலையில் பைக் ஓட்டுகிறவருக்கு ஒரு தனித்திறமை உண்டு. பள்ளத்தைப் பார்த்ததும் இடுப்பை லேசாக அசைத்து ஓரமாக நழுவிவிடுவார். ஒற்றைத் தடத்தில் போகும் வண்டி என்பதால் அது முடிகிறது.

இரண்டு சக்கர ட்ரெய்லரைக் கட்டியதும் அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. இப்போது தடம் ஒன்றல்ல, மூன்று. நடுவில் பைக், அதற்கு இரு பக்கமும் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் பெட்டியின் சக்கரங்கள். நீங்கள் நழுவித் தப்பித்த அதே பள்ளத்தில் பெட்டியின் ஒரு சக்கரம் சரியாகப் போய் இறங்கும். ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் சின்னது. பள்ளத்தில் ஆழமாக இறங்கும், ஏறும்போது பலமாக உதைக்கும். அந்த உதை கொக்கி வழியாக உங்கள் பைக்கின் பின்பக்கத்துக்கு வரும்.

சின்னச் சக்கரத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் பைக்கின் பின்சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 650 முறை சுற்றினால், ஸ்கூட்டர் சக்கரம் ஏறக்குறைய 1,000 முறை சுற்ற வேண்டும். மே மாத வெயிலில் சென்னையிலிருந்து மதுரை வரை இப்படி ஓடினால் பேரிங்கும் டயரும் சூடாகும். வழியில் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம்.

பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகள் தனிக் கதை. பைக்கில் இரண்டு குலுக்கலோடு முடியும் வேலை, ட்ரெய்லரில் மூன்றாவது குலுக்கலாகப் பின்னாலிருந்து வரும். நீங்கள் வேகம் எடுக்கும் அதே நேரத்தில் அது வரும்.

மலைப்பாதை? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளையோ நினைத்துப் பாருங்கள். வளைவில் பெட்டி, பைக் போன தடத்தைவிட உள்பக்கமாகவே வரும். இடது வளைவில் உள்சக்கரம் சாலையோர மண்ணில் இறங்கும். வலது வளைவில் அது எதிரே வரும் பஸ்ஸின் பாதையை நோக்கி நீளும். பாதி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட நின்றுவிட்டால், அந்த ஏற்றத்தில் மறுபடி கிளம்பக் கிளட்ச் கருகும். பின்னால் தள்ளலாம் என்றால் பெட்டி எதிர்ப்பக்கம் மடங்கிக்கொள்ளும். கோல்டு விங்கில் ரிவர்ஸ் வசதி இருக்கிறது; நம்ம வண்டிகளில் காலால்தான் தள்ள வேண்டும்.

மற்ற நாடுகளில் சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் பைக் ட்ரெய்லருக்குத் தெளிவான விதி இருக்கிறது. பைக்கின் இன்ஜின் 125 சிசி-க்கு மேல் இருக்க வேண்டும். ட்ரெய்லரின் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. பைக்கின் பின் அச்சிலிருந்து ட்ரெய்லரின் பின்விளிம்பு வரை 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுமையோடு சேர்த்து ட்ரெய்லரின் எடை 150 கிலோ, அல்லது பைக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. எடை எவ்வளவு என்பது வண்டியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கற்றுக்குட்டி உரிமம் வைத்திருப்பவர் இழுக்கக் கூடாது. சாதாரண இருவழிச் சாலையில் மணிக்கு 50 மைல், அதாவது 80 கி.மீ.தான் எல்லை.

இந்த ‘மூன்றில் இரண்டு’ விதியை நம் ஹிமாலயனுக்குப் போட்டுப் பார்த்தால் 130 கிலோ வருகிறது. பெட்டியின் சொந்த எடையையும் சேர்த்து. இரும்புக் குழாயில் செய்த பெட்டியே 50, 60 கிலோ வந்துவிடும் என்றால் சாமானுக்கு மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜெர்மனி இன்னும் கறார். வேகக் கட்டுப்பாடே இல்லாத நீளமான பகுதிகளுக்குப் பேர்போன ஆட்டோபான் சாலையில்கூட, ட்ரெய்லர் இழுக்கும் பைக்குக்கு 60 கி.மீ.தான் உச்ச வேகம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

அனுமதிக்கும் நாடுகள் வெறுமனே அனுமதிக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எவ்வளவு எடை, எவ்வளவு அகலம், எவ்வளவு வேகம் என்று எண்ணால் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுபவருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரியும்.

இந்தியாவில் சட்டப்படி சரியா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஐ எடுத்துக்கொள்வோம். பிரிவு 2(28)-ன்படி ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள் ட்ரெய்லரும் அடங்கும். இன்ஜின் இல்லாவிட்டாலும் அது சட்டத்தின் கண்ணில் ஒரு வாகனம்தான். சைடுகாருக்கு அப்படியில்லை, பிரிவு 2(27) அதை மோட்டார் சைக்கிளின் ஒரு பகுதியாகவே பார்க்கிறது. ட்ரெய்லருக்கு அந்தச் சலுகை கிடையாது.

வாகனம் என்றாகிவிட்டால் என்ன? பிரிவு 61 ட்ரெய்லரையும் பதிவு செய்யச் சொல்கிறது. பிரிவு 146-ன்படி பொது இடத்தில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆக, வெல்டிங் பட்டறையில் செய்த பெட்டி, பதிவும் காப்பீடும் இல்லாத ஒரு தனி வாகனமாகச் சாலையில் ஓடுகிறது.

சரி, பதிவு செய்துகொள்ளலாம் என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால்? தயாரிப்பு வடிவத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி பரிசோதனை மையத்தின் சான்று வேண்டும். ஒரே ஒரு பெட்டியைச் சொந்த உபயோகத்துக்குச் செய்தவர் அந்தப் பரிசோதனைக்குச் செலவு செய்வது நடக்கிற காரியம் இல்லை.

பைக்கின் பக்கமும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரேமில் கொக்கியைப் பற்றவைப்பதை வாகன மாற்றம் என்று அதிகாரிகள் பார்க்க இடம் உண்டு. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அபராதத்தைவிடப் பெரிய அடி விபத்தில்தான் விழும். பெட்டி கழன்று எதிரே வந்தவர் மேல் மோதிவிட்டது என்று வையுங்கள். இழப்பீட்டு வழக்கில் முதலில் கேட்கப்படுவது பதிவும் காப்பீடும்தான். இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்தாலும், அந்தத் தொகையை வாகன உரிமையாளரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிப்பது உண்டு. ஒரு குடும்பத்தின் வீடு, நிலம் வரை போகக்கூடிய கணக்கு அது.

அப்போ லக்கேஜுக்கு என்ன வழி?

வழி இருக்கிறது. இரண்டு பக்கப் பெட்டிகள், ஒரு டாப் பாக்ஸ், டேங்க் மேல் ஒரு பை. கனமானது கீழே, முன்னால். லேசானது மேலே, பின்னால். பைக்கின் பின்னால் வைக்கும் லேசான பெட்டிக்கு 2020-ல் மத்திய அரசு அளவே சொல்லிவிட்டது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்குள். பெட்டியைப் பின்சீட்டில் வைத்தால் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. கையேட்டில் போட்டிருக்கும் மொத்தச் சுமை வரம்புக்குள் ஆளும் சாமானும் சேர்ந்து அடங்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவாகப் போகிறீர்களா? எல்லோரும் காசு போட்டு ஒரு கார் எடுத்துக்கொண்டால் லக்கேஜும் ஏறும், யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலும் உதவும். தனியாகப் போகிறவர்கள் சாமானை முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிடலாம்.

அரசு செய்ய வேண்டியது

டூரிங் போகிறவர்களின் ஆசை மட்டும் என்றால் இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாம். ஆனால், பைக்குக்குப் பின்னால் வண்டி கட்டி இழுக்கிறவர்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. விடியற்காலையில் மீன் பெட்டிகளோடும், காய்கறி மூட்டைகளோடும், தண்ணீர் கேன்களோடும் போகிறவர்கள். மினி லாரி வாங்க வசதி இல்லாததால், இருக்கிற பழைய பைக்கில் தள்ளுவண்டியைக் கட்டிக்கொண்டவர்கள். இவர்களுடைய வண்டியில் விளக்கு கிடையாது. சுழலும் கொக்கி கிடையாது. பாதுகாப்புச் சங்கிலி என்றால் என்னவென்றே தெரியாது. மேலே சொன்ன அத்தனை ஆபத்தும் இவர்கள் தலையில்தான் தினமும் தொங்குகிறது. பிடிபட்டால் வண்டி பறிமுதல், அன்றைய வியாபாரம் போச்சு. பிடிபடாத நாளில் இருட்டில் லாரிக்காரர் கண்ணில் படாமல் போகிற ஆபத்து.

இரு தரப்புக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: எண்ணோடு கூடிய தெளிவான விதி. எத்தனை சிசி பைக், எத்தனை கிலோ வரை, எவ்வளவு அகலம், என்ன வேகம், எந்த எடைக்கு மேல் ட்ரெய்லருக்கே பிரேக் வேண்டும், எப்படிப்பட்ட கொக்கி என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எழுதி வைக்க வேண்டும். சிறு பட்டறைகள் பார்த்துச் செய்யக்கூடிய இரண்டு, மூன்று அங்கீகரிக்கப்பட்ட மாதிரி வடிவங்களையும் வெளியிட வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையிருக்காது. சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே வாகனப் பரிசோதனை மையம் இருக்கிறது. ஆராய்ந்து பார்த்த பிறகு ‘நம் சாலைக்கு இது சரிப்படாது’ என்று முடிவு வந்தால், அதையும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லட்டும். மீன் வியாபாரிக்கு மாற்று வண்டி வாங்கக் கடனுதவி என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பைக் தயாரிப்பாளர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் போதாது. இந்த வண்டி ட்ரெய்லர் இழுக்குமா, இழுக்காதா, இழுத்தால் எத்தனை கிலோ என்பதை ஷோரூமிலேயே தமிழில் சொல்ல வேண்டும்.

விதி வரும்வரை வியாபாரிகளுக்கு உடனே செய்யக்கூடிய ஓர் உதவி உண்டு. தள்ளுவண்டியின் பின்னால் சிவப்பு ஒளிபிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவது. செலவு சில பத்து ரூபாய்தான். அதனால் வண்டி சட்டப்படி சரியாகிவிடாது. ஆனால் இருட்டில் ஓர் உயிர் தப்பலாம். போக்குவரத்துப் போலீஸார் வண்டியை நிறுத்தும்போது சலான் புத்தகத்தோடு ஒரு ஸ்டிக்கர் சுருளையும் கையில் வைத்திருந்தால் நன்றாக இருக்கும்.

லடாக் கனவில் இருப்பவர்களுக்கு: கூடாரமும் படுக்கையும் லே நகரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.